பட்டையைப் பார்க்காமல் ஷாக்கை மாற்றாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கி ஓட்ட நினைப்பவர்களுக்காகத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சின் புகை, கியர்பாக்ஸ் சத்தம், ஆயில் ஒழுக்கு, சேஸிஸ் துரு என்று பயனுள்ள விஷயங்கள் பல இருந்தன. சஸ்பென்ஷனுக்கு மட்டும் ஒரே வரி. வண்டி தூக்கிப் போட்டால் ஷாக் அப்சார்பரை மாற்றிவிட்டால் போதும் என்று அந்த வரி சொன்னது. அது போதாது. அதை நம்புகிறவர், ஆபத்தான நிலையில் இருக்கும் வண்டியை நல்ல வண்டி என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மாதிரி வண்டிகளுக்கு அடிவேலை பார்ப்பதுதான் என் தொழில். பட்டை (அடுக்கடுக்கான இரும்புத் தகடுகளால் ஆன லீஃப் ஸ்பிரிங்) இறக்குவது, அதன் முனைகளில் இருக்கிற புஷ் மாற்றுவது, பட்டையைச் சக்கர அச்சோடு கட்டிப் பிடிக்கிற யூ போல்ட் இறுக்குவது என்று பகல் பொழுதில் பெரும்பகுதி வண்டிக்கு அடியில்தான் போகிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே புது ஷாக் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். காசு போயிருக்கும், தொந்தரவு அப்படியே இருக்கும்.

பட்டை வைத்த வண்டியில் அந்தப் பட்டைக்கு இரண்டு வேலை. மேடு பள்ளத்தைத் தாங்குவது ஒன்று. ஹவுசிங்கை, அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்க்கிற ஆக்ஸில் கூட்டை, வண்டியோடு பிடித்து வைப்பது இன்னொன்று. காயில் ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கும். ஹவுசிங் முன்னே பின்னே, இடம் வலம் நகராமல் இருக்க ஆர்ம், பனார்ட் ராடு எல்லாம் தனியாக இருக்கும். பட்டை வண்டிகளில் பெரும்பாலும் அப்படித் தனி ஏற்பாடு கிடையாது. சக்கரம் வண்டியைத் தள்ளுகிற விசை, பிரேக் பிடிக்கும்போது ஹவுசிங் சுழலப் பார்க்கிற முறுக்கு, வளைவில் வருகிற பக்கவாட்டு இழுப்பு, எல்லாமே பட்டையின் இரண்டு முனையிலும் வளையமாகச் சுருட்டிய கண்கள் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போயாக வேண்டும். 1948ல் வந்த முதல் லேண்ட் ரோவர் தொடங்கி 1985 வரை ஓடிய சீரீஸ் 3 வரைக்கும் நான்கு சக்கரத்துக்கும் இதே ஏற்பாடுதான். 1970ல் ரேஞ்ச் ரோவர் நான்கு பக்கமும் காயில் வைத்து வந்தது. ஆனாலும் எடை சுமக்கிற வண்டிகள் பட்டையை விடவில்லை. டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை 1984ல் வந்தது. அதில் பாரம் சுமக்கிற வண்டிகளுக்கு முன்பக்கம் காயில் கிடைத்ததே 1999ல்தான். பின்பக்கம் அதற்கப்புறமும் பட்டையே.

ஆகவே இந்த வண்டிகளில் சஸ்பென்ஷன் தளர்ந்தால் குலுக்கல் மட்டும் கூடுவதில்லை, வண்டி போகிற திசையே கெடுகிறது.

ஒரு பிக்கப்பைச் சொல்கிறேன். நேரான சாலையில் போகும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியே இருக்கிறது என்று கொண்டுவந்தார்கள். வேறு இடத்தில் அலைன்மெண்ட் பார்த்தாகிவிட்டது, டயரை இடம் மாற்றிப் போட்டாகிவிட்டது, ஷாக்கும் புதிது. நான் டேப்பை எடுத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்தேன். ஒரு பக்கம் ஒரு விரற்கடை குறைந்தது. அந்தப் பக்கத்து யூ போல்ட் நட்டில் ஸ்பேனரை வைத்தால் பிடிப்பே இல்லை, ஒன்று கையாலேயே சுற்றியது. பட்டையை விலக்கிப் பார்த்தபோது சென்டர் போல்ட்டின் தலை வெட்டுப்பட்டு ஹவுசிங் குழிக்குள் கிடந்தது. உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். பாதி கறுத்துத் துருவேறியிருந்தது, மீதி வெள்ளையாகப் பளபளத்தது. விரிசல் விழுந்து நெடுநாள் ஆகி, மிச்சம் இப்போதுதான் விட்டிருக்கிறது. ஹவுசிங் அந்தப் பக்கம் முன்னே வழுக்கிவிட்டது. கோணலாக நிற்பது பின் ஹவுசிங்காக இருக்கும்போது முன் சக்கரத்தில் எத்தனை தடவை அலைன்மெண்ட் பார்த்து என்ன பயன்?

சென்டர் போல்ட் உடைந்தால் சென்டர் போல்ட்டைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். அது பட்டைகளை வரிசையாகச் சேர்த்து வைப்பதற்கும், ஹவுசிங் எங்கே உட்கார வேண்டும் என்று காட்டுவதற்கும்தான் இருக்கிறது. பாரத்தைப் பிடிப்பது யூ போல்ட். நான்கு நட்டின் இறுக்கமும் சேர்ந்து பட்டையை ஹவுசிங்கோடு அழுத்திப் பிடிக்கும்போதுதான் அந்த இடம் அசையாமல் இருக்கும். யூ போல்ட் தளர்ந்ததும், தாங்கக் கூடாத விசையெல்லாம் அந்தச் சின்ன போல்ட்டின் தலையில் இறங்குகிறது. பட்டையும் நடுவில் வளைய ஆரம்பிக்கிறது. நடுவில்தான் ஓட்டை போட்டிருக்கிறது, அங்கேதான் பட்டை பலம் குறைவு. பட்டை சரியாக ஓட்டைக்கு நேரே முறிந்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது யூ போல்ட்டைத்தான்.

இறுக்கிய யூ போல்ட் ஏன் தளர்கிறது? புதுப் பட்டையின் மேலே பெயிண்ட் இருக்கும், பழையதில் துருச் செதில் இருக்கும். ஓட ஓட அது நசுங்கிப் படியும். படிந்த அளவுக்கு இறுக்கம் குறையும். அதனால் பட்டை வேலை பார்த்த எந்த வண்டியையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மறுபடி இறுக்க வேண்டும். நான் 500 என்று சொல்லி அனுப்புவேன்; கம்பெனி கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. இறுக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். நான்கு நட்டையும் குறுக்குக்குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடிக்க வேண்டும். ஏர் கன்னில் விட்டு "டக்" என்று நின்றதும் போதும் என்று விடுவது கூடாது. கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடவும் கூடாது. ஒரு தடவை முழு இறுக்கத்தில் நின்றதில் அதன் மரை நீண்டிருக்கும். வெளியே பார்க்க நன்றாகத்தான் தெரியும், ஆனால் இரண்டாம் தடவை அதே பிடிப்பைத் தராது. மொத்த வேலைச் செலவில் யூ போல்ட் விலை மிகச் சிறியது. அதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது புஷ். இதைச் சோதிக்க எந்த மெஷினும் வேண்டாம். வண்டி தரையில் நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளிக் குனிந்து முன் பட்டையின் கண்ணையும், பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைத்து ஆடவிடுகிற சாக்கிளையும் பார்க்கட்டும். புஷ் நன்றாக இருந்தால் சக்கரம் உடனே திரும்பும். புஷ் போயிருந்தால் முதலில் பட்டை முழுதும் சாக்கிளோடு பக்கவாட்டில் நகரும், அப்புறம்தான் சக்கரம் திரும்பும். அந்த நகர்வுதான் ஓட்டும்போது ஸ்டியரிங் லூசாக இருப்பதாகத் தெரிவது. இதைப் பார்க்காமல் ஸ்டியரிங் பாக்ஸை இறுக்கிக் கெடுத்துக்கொண்ட வண்டிகள் நிறைய உண்டு. பின்பக்கத்தைப் பார்க்க, சேஸிஸை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரிந்துவிடும்.

புஷ் மாற்றுகிற இடத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ரப்பர் புஷ்ஷில் உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு குழாய், நடுவில் ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சாக்கிளோடு பிடித்துக்கொள்ளும், வெளிக்குழாய் பட்டைக் கண்ணோடு இருக்கும். பட்டை ஏறி இறங்கும்போது அங்கே எதுவும் வழுக்குவதில்லை, நடுவில் இருக்கிற ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? வண்டியை இறக்கியதுமே ரப்பர் ஒரு பக்கம் முறுக்கின நிலைக்குப் போய்விடும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போது மேலும் முறுக்கு. புது ரப்பர் சீக்கிரமே கிழிந்துவிடும். அப்புறம் பொருள் மட்டம் என்று பேச்சு வரும். நட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியை இறக்கி, முன்னே பின்னே உருட்டி, பட்டை தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு முழு இறுக்கம் கொடுங்கள். இந்த வேலைக்கு அதிகச் செலவு ஒன்றும் இல்லை.

ரப்பரில் சத்தம் வருகிறது என்று எஞ்சின் ஆயிலையோ டீசலையோ ஊற்றுவதும் வேண்டாம். ரப்பர் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். அவசியம் என்றால் சிலிகான் கிரீஸ். வெண்கல புஷ், உள்ளே ஓட்டை போட்ட இரும்பு ஆணி, கிரீஸ் அடிக்கிற நிப்பிள் என்று இருக்கிற வண்டிகளின் கதை வேறு. அங்கே கிரீஸ்தான் உயிர். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறி, புதுக் கிரீஸின் நிறம் ஓரத்தில் தெரிகிற வரை அடிக்க வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் போகவில்லை என்றால் சேஸிஸைத் தூக்கி சாக்கிளின் மேலிருக்கிற எடையை எடுத்துவிட்டு அடித்துப் பாருங்கள். பாரம் அமுங்கியிருந்த பக்கத்துக்கும் கிரீஸ் போகும். அப்படியும் ஏறாவிட்டால் நிப்பிளைக் கழற்றி அடைப்பை எடுக்க வேண்டும். மேலே கிரீஸ் பூசிவிட்டு வேலை முடிந்ததாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை.

பட்டைக்கு வருகிறேன். கம்பி பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கீழ்ப்பட்டையின் நுனி மேல்பட்டையில் அழுந்தும் இடத்தில் உராய்ந்து உராய்ந்து குறுக்காக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் நகம் அதில் தட்டும். விரிசல் அங்கிருந்து கிளம்பலாம். மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றியும் அதேபோலப் பார்க்க வேண்டும். நல்ல செட்டில் இரண்டாம் பட்டை மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி வளைந்து வந்திருக்கும். மெயின் உடைந்தாலும் ஹவுசிங் கழன்று ஓடாமல் அது பிடித்துக்கொள்ளும். மலிவான செட்டில் இந்தச் சுற்று இருக்காது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டைகளுக்கு நடுவே கிரீஸ் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அனுபவசாலிகளே இதில் ஒத்துப்போவதில்லை. என் முடிவு இதுதான்: வண்டி பெரும்பாலும் புழுதியிலும் மணலிலும் ஓடுமானால் ஈரக் கிரீஸ் வேண்டாம், அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு பட்டையை அரைக்கும். தண்ணீரிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் துருதான் எதிரி. துரு ஏறிய பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இரும்புப் பாளமாகிவிடும், பட்டை வேலையே செய்யாது. அப்படிப்பட்ட செட்டைப் பிரித்து, துருவை எடுத்து, கிராஃபைட் கிரீஸை மெல்லிசாகத் தடவிக் கோர்க்க வேண்டும். மேலே ஸ்பிரே அடிப்பதெல்லாம் ஒரு மழை வரைக்கும்தான். பட்டை நுனியில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தக்கை வைத்த செட்டாக இருந்தால் கையேடு சொல்வதைத் தவிர வேறெதையும் தடவாதீர்கள்.

தொய்ந்த பட்டையை கேஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பதும், முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டுவதும் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். பட்டையின் பதம் ஒரு குறிப்பிட்ட சூட்டில் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி அளவாகச் சூடேற்றிக் கொண்டுவந்தது. டார்ச் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அந்தப் பட்டை எப்போது வேண்டுமானாலும் தொய்யும், இல்லாவிட்டால் முறியும்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே பட்டை போய்விட்டது என்று எண்ண வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, காற்றைச் சரிபார்த்து, நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை அளக்கும்போது எது இறங்கியது என்று தெரியும். பழைய சீரீஸ் லேண்ட் ரோவரில் டிரைவர் பக்கத்துப் பட்டையும் மற்றப் பக்கத்துப் பட்டையும் ஒரே மாதிரி இருக்காது. இடம் மாற்றி மாட்டினாலே வண்டி சாயும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பில் லேசாக ஆயில் ஈரம் இருந்தால் பயமில்லை. வழிந்து மண் ஒட்டியிருந்தால் போய்விட்டது. கனமான வண்டியை ஓரத்தில் அமுக்கி ஆட்டிப் பார்ப்பது அவ்வளவாக எதையும் காட்டாது, ஏனென்றால் பட்டையின் உராய்வே அதை நிறுத்திவிடும். கரடுமுரடான பாதையில் ஓட்டி வந்ததும் ஒவ்வொன்றையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள், சைலன்சர் பக்கத்தில் கை போகாமல். வேலை செய்தது சூடாக இருக்கும். குளிர்ந்து கிடப்பது வேலை செய்யவில்லை. மாற்றினால் ஒரு ஹவுசிங்கின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஹவுசிங் மேலே வந்து சேஸிஸில் மோதாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அது விழுந்துபோன வண்டியில் புது ஷாக்கும் நிலைக்காது.

பாரத்துக்காகப் பின்னால் கூடுதல் பட்டை சொருகுகிறவர்கள், உயரத்துக்காக நீள சாக்கிள் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய பிக்கப்கள் பலவற்றில் பின் ஹவுசிங்கிலிருந்து ஒரு கம்பி சேஸிஸில் இருக்கிற பிரேக் வால்வுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி இறங்கினால் அந்தக் கம்பி வால்வை அசைத்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். நீங்கள் பட்டை சொருகி உயரத்தைக் கூட்டியதும், முழுப் பாரம் ஏற்றியிருந்தாலும் வால்வு வண்டி காலி என்றே எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும், மீதிச் சுமையும் முன் பிரேக்கில் விழும். உயரம் மாறினால் கம்பியின் செட்டிங்கையும் மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதும் தொங்கும்போது இழுபடுகிறதா, ஷாக் நீளம் போதுமா என்பதும் இதோடு சேர்ந்தது. முன்பக்கத்தில் சாக்கிள் முன்முனையில் இருக்கிற வண்டிக்கு நீள சாக்கிள் போட்டால் காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு, குறையும். வேகத்தில் ஸ்டியரிங் தானாக நேராகாது, வண்டி அலையும். உயரம் வேண்டுமென்றால் அந்த உயரத்துக்கென்று செய்த பட்டையைப் போடுவதுதான் முறை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பராமரிப்புப் பகுதியில் இதற்கு ஒருமுறை இடம் கொடுங்கள். யூ போல்ட் செய்து விற்கிறவர்களிடமும் தங்கள் வழியாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பல பெட்டிகளில் விலையும் அளவும் மட்டுமே இருக்கிறது. எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும், எவ்வளவு தூரம் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும், ஒரு தடவைதான் பயன்படுத்தலாம் என்ற மூன்றையும் பெட்டிமேலேயே அச்சிட வேண்டும். பட்டை வேலை பார்க்கிற ஒர்க் ஷாப்காரர்கள் பில்லில் மறு இறுக்கத்துக்கான கிலோமீட்டரை எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த வேலைக்குத் தனியாகக் கூலி வாங்கக் கூடாது. நான் வாங்குவதில்லை. வண்டி வைத்திருப்பவர்களும் அந்த கிலோமீட்டர் வந்ததும், சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு அடிவேலை பார்க்கும் ஒரு வாசகர்